ஓபுரா வர மறுத்த மேடு

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் கத்தியதே தவிர, வேன் ஓர் அடி நகரவில்லை. யாலா ஊருக்கு முந்தைய மேட்டில், பின்னால் அப்பாவின் சவப்பெட்டியோடு, அஜுவாங் கியரை மறுபடி மறுபடி மாற்றிப் பார்த்தாள். பிறகு கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள்.

தொடர்ந்து வந்த பஸ்ஸிலிருந்து சொந்தக்காரர்கள் இறங்கிவிட்டார்கள். வேனுக்குள் சபைப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். சவம் ஏற்றிய வண்டி வழியில் நின்றால் அதை வண்டிக் கோளாறு என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. செத்தவருக்கு மனத்தாங்கல். அவர் மனம் நோகக் காரணமானவர் பேசிச் சமாதானம் செய்யவேண்டும். அது யார் என்று கண்டுபிடிக்கப் பெரியப்பா ராடிங்குக்கு நேரமே ஆகவில்லை.

"தம்பி வீட்டுக்கு வரமாட்டேங்கிறான். எப்படி வருவான்? இந்த வேனைப் பழைய இரும்புக்குப் போடுன்னு சொன்னவ பக்கத்துலயே உக்காந்திருக்காளே."

அம்மாவைத்தான் சொன்னார். சொன்னது உண்மைதான். அப்பா இறந்த அன்று காலையில் சொன்னாள். அப்பா ஓபுராவின் எதிரில் அவருடைய பிள்ளைகளைக் குறை சொல்லலாம், வேனைச் சொல்ல முடியாது. மெக்கானிக் எவனையும் கிட்டே விடமாட்டார். எஞ்சின் வலுவிழந்துவிட்டது, ஸ்பார்க் பிளக்குதான் காரணம் என்று மாதக்கணக்கில் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஜுவாங்குக்கு எல்டோரெட் நகரத்தில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை. எஞ்சின் இவ்வளவு கத்துகிறதென்றால் அதற்கு வலு இருக்கிறது, சக்கரத்துக்குத்தான் போய்ச் சேரவில்லை என்று அவளுக்குப் பட்டது. கியர் எண்ணெய் பார்த்தீர்களா என்று தம்பி ஓவுகோவிடம் கேட்டாள்.

"அப்பா வாராவாரம் பாப்பாருக்கா. அன்னிக்குக்கூட எஞ்சின அணைச்சு, நல்லா ஆறவிட்டுப் பாத்தாரு. நிறைய இருந்துச்சு."

சொல்லிவிட்டு அவன் பெட்டியருகே போனான். அவள் அங்கேயே நின்றாள். அணைத்துவிட்டுப் பார்த்தால் எண்ணெய் எல்லாம் கீழே இறங்கி நிறைய இருப்பதுபோலத்தான் காட்டும். தானாகக் கியர் மாறும் இந்த மாதிரி வேனில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். அவள் ஓடவிட்டு எண்ணெய் அளக்கும் குச்சியை உருவினாள். நுனிகூட நனையவில்லை. கருகிய வாடை மட்டும் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பா இறந்த அன்றைக்கும் இதேதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்ட அப்பாவை ஏற்றி ஓவுகோ ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். வேறு வண்டி வராத மண்சாலையில் வேன் இப்படிக் கத்திக்கொண்டு நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைடா என்றார் அப்பா, பின்சீட்டில் படுத்தபடி. அவன் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, கடைசிப் பிளக்கை முடுக்கிவிட்டுத் திரும்பியபோது அவர் தலை சாய்ந்திருந்தது. போனில் இதைச் சொன்னபோது, அப்பா சொன்னபடியே செய்தேன் அக்கா என்றுதான் திரும்பத் திரும்ப அழுதான்.

மேட்டின் அடியிலிருந்த கடைக்கு ஒரு மோட்டார் பைக்காரனை அனுப்பினாள். இரண்டு பாட்டில் எண்ணெய் வந்ததும் அம்மாவைத் தனியே அழைத்து, பெரியப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், உன்மேல் பழி வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இத ஊத்தியிருந்தா அன்னிக்கு வண்டி போயிருக்குமா?"

அஜுவாங் ஆமென்று தலையாட்டினாள். அம்மா புருஷனின் பெட்டியைப் பார்க்கவில்லை. அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்ற மகனைப் பார்த்தாள். அவன் நகக்கண்களில் பிளக் துடைத்த கறுப்பு இன்னும் இருந்தது.

"ஊத்து. யார்கிட்டயும் மூச்சு விடாத."

"அம்மா, காலத்துக்கும் உன்னத்தான் பேசுவாங்க."

"பேசட்டும். அவன் இருபத்திரண்டு வயசுப் புள்ள. இத மனசுல தூக்கிட்டு எப்படி இருப்பான்?"

அம்மா பின்கதவுக்குப் போய், ஓவுகோவைக் கூப்பிட்டுத் தன் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். எல்லோரும் அங்கே கூடினார்கள். அஜுவாங் பானெட்டின் மறைவில் இரண்டு பாட்டிலையும் ஊற்றினாள். அவசரத்தில் பாதி எஞ்சின்மேல் சிந்திப் புகைந்தது. அம்மாவின் குரல் ஊருக்கே கேட்கும்படி எழுந்தது.

"தப்பு என்னோடதுதான். அன்னிக்கு உங்க மனச நோகடிச்சு அனுப்பிட்டேன். நான்தான் உங்களக் கொன்னேன். போதும், எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். அஜுவாங் ஏறிக் கியரைப் போட்டாள். வேன் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மேட்டில் ஏறத் தொடங்கியது. பின்னால் பெண்கள் குலவையிட்டார்கள்.

முன்சீட்டில் ஏறியிருந்த ஓவுகோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு வாரமாக இறுகிக் கிடந்த அவன் முகம் தளர்ந்திருந்தது.

"அப்பாவுக்கு அம்மா மேலதான் கோவம்போல," என்றான் மெதுவாக. "நான் பிளக்க ஒழுங்காத்தான் மாட்டினேன், இல்லக்கா?"

"ஒழுங்காத்தான்டா மாட்டுன," என்றாள்.

கண்ணாடியில் பார்த்தாள். வழியெல்லாம் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்த பெண்கள் பஸ்ஸுக்கு மாறிவிட்டிருந்தார்கள். பெட்டி நகர்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்தபடி அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள்.