பெரிய எஞ்சினும் பெரிய காலும்

கிளெட்டஸ் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரில், நொறுங்கிப்போன பிக்கப் ஒன்றின் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்த இரண்டு குளிர்காலம் எடுத்துக்கொண்டான். கூடவே வந்த கியர்பாக்ஸும் பெரியது. அதற்கு இடம் விட, ஓட்டுபவர் கால் வைக்கும் பக்கமாகத் தகரத்தைத் தட்டித் தள்ளினான்; பெடல்களை நெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் அளந்தவன் தன் காலை மட்டும் அளக்கவில்லை.

ஏப்ரலில் எஞ்சின் உறுமியது. எங்கள் ஒஹாயோ தெருவே கூடியது. பதிமூன்றாம் நம்பர் ஷூவால் பிரேக்கை மிதித்தான்; ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அமுங்கியது. ஷூவைக் கழற்றினான். அப்போதும் அதே கதை.

"உக்காந்து பாத்துட்டுத் தட்டுய்யான்னு அப்பவே சொன்னேன்ல?" என்றேன்.

சின்னப் பாதம் கொண்ட அவன் மனைவி வெர்னா சாவியை வாங்கிக்கொண்டாள்.

"பால் வாங்கப் போறேன். வர்றதா இருந்தா அந்தப் பக்கம் ஏறிக்க."