இழுவை இல்லாத ஜீப்

வின்சென்ட்டின் ஜீப்பைச் சமதரையில் யாரும் குறை சொல்ல முடியாது. ராயப்பன்பட்டியில் கிளப்பினால் கம்பம் வரைக்கும் பறக்கும். கம்பம்மெட்டு மலை ரோட்டில் ஏறும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க கரும்புகை வருமே தவிர வேகம் வராது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் இறங்கி, வண்டியையும் வண்டிக்காரனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே கொண்டை ஊசி வளைவு தாண்டும் வரை நடப்பார்கள். இரண்டு வாரமாக இதே கூத்து.

ஒருநாள் தாமதமாகப் போனதற்குத் தோட்டத்து சூப்பர்வைசர் எல்லாரையும் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். கீழே வந்ததும் மொக்கம்மாள் வாயைத் திறந்தாள். அந்தப் பெண்களை ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவள் அவள்தான். அவள் எந்த ஜீப்பில் ஏறுகிறாளோ அதில்தான் மற்றவர்களும் ஏறுவார்கள்.

"ஏலே வின்சென்ட்டு, சூப்பர்வைசர் சேட்டன் இன்னைக்கு என்ன சொன்னாக, கேட்டேல்ல? இந்த வாரம் பாப்போம். சரியாகலைன்னா திங்கக்கிழமை தௌபீக் ஜீப்புல ஏறிருவோம்."

இந்த ஒரு டிரிப்பை நம்பித்தான் வின்சென்ட் வண்டியே வாங்கியிருந்தான்.

கம்பத்தில் ஷானவாஸ் பாயின் ஒர்க்‌ஷாப்புக்குத் தினமும் சாயங்காலம் போய் நின்றான். டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு அதையும் மாற்றினார்கள். மேட்டில் இழுவைக்காக என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவிலிருந்து போகிற பெரிய ஹோஸில் காற்றுக் கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார் பாய். ஒரு குமிழிகூட வரவில்லை. ஓட்டிப் பார்த்தால் வண்டி சமர்த்தாக ஓடியது. டாக்டரைப் பார்த்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிடுகிற மாதிரிதான்.

"இங்கன நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஆளுகளோட மலை ஏறுறப்பப் பார்க்கணும். நாளைக்குக் காலையில நானே வாரேன்" என்றார் பாய்.

வெள்ளிக்கிழமை காலை சொன்னபடியே கம்பத்தில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் பெண்கள் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமான வளைவு வந்தது, வழக்கம்போல ஜீப் படுத்துக்கொண்டது. பெண்கள் இறங்கினார்கள்.

"ஆஃப் பண்ணாத. பானெட்டைத் தூக்கு" என்றார் பாய்.

"ஒரு நிமிஷம் பாய். முதல்ல தூக்குச்சட்டியெல்லாம் எடுத்துக்கிறேன்."

"என்ன தூக்குச்சட்டி?"

வின்சென்ட் பானெட்டைத் தூக்கினான். என்ஜினைச் சுற்றிக் கிடைத்த சந்திலெல்லாம் எவர்சில்வர் தூக்குகள் துணி சுற்றி உட்கார்ந்திருந்தன. விடியும் முன்னே வடித்த சோறு மலைக் குளிரில் கல்லாகிவிடுகிறதே என்று, வண்டி வாங்கிய நாளிலிருந்து அவன் செய்து தருகிற உபகாரம் அது. தோட்டத்தில் இறங்கியதும் ஆவி பறக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். அப்புறம் தூக்குகள் அவரவர் கைக்குப் போய்விடும். அதனால் ஒர்க்‌ஷாப்பில் பானெட் திறந்தபோதெல்லாம் உள்ளே சுத்தமாக இருந்தது.

பாய் எல்லாவற்றிலும் பெரிய தூக்கைத் தூக்கினார். அதன் அடியில் விரல் கனம்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய் நசுங்கிக் கிடந்தது. "இதுதான்யா டர்போவை வேலை செய்ய வைக்கிற குழாய். இதை அமுக்கி வச்சுட்டு மலை ஏறச் சொன்னா எப்படி ஏறும்? இது யாரு தூக்கு?"

அது சின்னமனூரில் இரண்டு வாரத்துக்கு முன்னால் புதிதாக வாங்கியது. மொக்கம்மாள் முன்னால் வந்து அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு நாள் திட்டிய வாய் அன்று மலை உச்சி வரை திறக்கவில்லை. ஜீப்பும் எங்கும் நிற்கவில்லை.

"இனிமே என்ஜினுக்குள்ள ஒரு பொட்டலம்கூட இருக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் பாய் பஸ் ஏறிப் போனார்.

சனிக்கிழமை ஜீப் ஜம்மென்று ஏறியது. மூடுபனி விலகும் முன்பே தோட்டத்தில் இறங்கிவிட்டார்கள். இன்றைக்கு நாலு நல்ல வார்த்தை கேட்கலாம் என்று வின்சென்ட் பக்கத்திலேயே நின்றான். பெண்கள் பாறையில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார்கள். எதிலும் ஆவி வரவில்லை. விறைத்த சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார்கள்.

"நேரத்துக்கு வந்துட்டோம்ல ஆத்தா?" என்று அவனே ஆரம்பித்தான்.

மொக்கம்மாள் கையைக் கழுவினாள். "தௌபீக் ஜீப்பு என்னைக்கும் நேரத்துக்குத்தான் வருது. அதுல ஏறாம ஒன் வண்டிக்கு எதுக்குக் காத்துக் கெடந்தோம்னு நெனச்ச?"

தான் பத்திரமாக ஓட்டுவதற்காகத்தான் என்று அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"அப்ப திங்கக்கிழமை?"

"அது ஒன் கையில இருக்கு" என்று கூடையை எடுத்துக்கொண்டு ஏலச்செடிகளுக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் ஜீப் மறுபடியும் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் ஷானவாஸ் பாய்க்கு எரிச்சலாக வந்தது.

"திரும்பவும் இழுக்கலையா?"

"நல்லா இழுக்குது பாய்."

"பெறகு என்ன கம்ப்ளெயின்ட்?"

"சோறு ஆறிப்போகுது" என்றான் வின்சென்ட்.