செவ்வந்திகளுக்கு நடுவே ஓர் ஆட்டம்

சியாட்டிலின் கூடைப்பந்து அணி ஒக்லஹோமாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு வந்த முதல் நவம்பரில், படகுத்துறையில் வேலை பார்க்கும் மார்லிஸ் பழக்கதோஷத்தில் அந்த அணி ஆடிவந்த அரங்கத்துக்கு நடந்துவிட்டாள். மறுநாள் மலர்க் கண்காட்சி என்பதால் பக்கவாசல் திறந்திருந்தது. மேலே ஏறித் தன் பழைய இருக்கைக்குப் போனாள். பக்கத்தில் வெண்டல் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடம் அவளோடு சேர்ந்து கத்தியவர். பெயரைத் தவிர அவரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"லேட்டா வர்றீங்க," என்றார். "ரெண்டு பாயிண்ட் பின்னாடி இருக்கோம்."

கீழே ஆட்டமில்லாத களத்தில் செவ்வந்தித் தொட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மங்கிய வெளிச்சத்தில், பூக்களுக்கு நடுவே தன் அணியின் பச்சைச் சட்டைகள் ஓடுவதை மார்லிஸ் பார்த்தாள். பந்து தரையில் தட்டும் ஓசைகூடக் கேட்டது.

"யோவ் ரெஃபரி, கண்ண வீட்ல வச்சிட்டு வந்தியா?" என்று எழுந்து கத்தினாள். தொட்டி தூக்கியவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

வெண்டல் சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டார். "டிவில இப்ப ஒக்லஹோமால அவங்க ஆடுற ஆட்டம் ஓடுது. பார்க்க மனசு வரல."

"எனக்கும்தான். சாப்டீங்களா?"

அவர் தலையசைத்து மறுத்தார். எப்போதும் ஆளுக்கொரு வாசலில் பிரிகிறவர்கள், அன்று ஒரே வாசலில் வெளியே வந்து, மழையில் சூப் கடை தேடி நடந்தார்கள்.