தூக்கிய கை

...தூக்கிவிட்டேன், இனி இறக்கக் கூடாது, பேசக் கூடாது, மேசையைத் தட்டக் கூடாது, கை மட்டும் மேலே, வாய் மூடி, முகத்தில் சிரிப்பு... பார்க்கிறவர்களும் கையைத் தூக்கிவிட்டுப் பேச்சை நிறுத்த வேண்டும், அதுதான் பிள்ளைகளோடு போட்ட ஒப்பந்தம். முன்வரிசையில் ஒரு கை, அடுத்து இரண்டு, ஜன்னலோரம் மொத்த பெஞ்சும்! வேலை செய்கிறதே, நிஜமாகவே வேலை செய்கிறதே... சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அப்பா சொல்லாமல் கையை விட்ட அன்றைக்கு விழாமல் நானே ஓட்டிப்போன மாதிரி இருக்கிறது. நேற்று வீட்டில் சாப்பிடும்போது ஒத்திகை பார்த்தேன். "ஃபேன்ல கை பட்டுடப்போகுது, இறக்கு" என்றார் கணவர். "அம்மாவுக்கு ஏதோ டவுட்டாம்பா, என்னன்னு கேளுங்க" என்றாள் மகள். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தவே இல்லை. சிரிங்க, நல்லா சிரிங்க, இங்கே வந்து பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

வாசலில் ஹெச்.எம்., கையைக் கட்டிக்கொண்டு... எப்போது வந்தார்? வரட்டும், நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறார். நான் நடத்தும் வேற்று மொழிப் பாடத்தில் பேச்சுப் பயிற்சிக்கென்று வாரத்தில் கிடைப்பது இந்த ஒரு பீரியட், அதன்மேலும் பக்கத்து வகுப்புக் கணக்கு சாருக்கு ஒரு கண், இந்தப் பக்கம் பிள்ளைகள் வாயைத் திறந்தால் அந்தப் பக்கம் சுவரைத் தட்டுவார். "உங்க கிளாஸ் சந்தைக்கடை மாதிரி இருக்கு டீச்சர். இன்னிக்கு வந்து பார்ப்பேன். இப்படியே இருந்தா அடுத்த டெர்ம்ல இந்த பீரியட கணக்குக்குக் குடுத்துடுவேன்" என்று காலையில் ஸ்டாஃப் ரூமில் எல்லார் எதிரிலும் ஹெச்.எம். சொன்னபோது, கணக்கு சார் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார், சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருத்தர் கடைக்காரர், ஒருத்தர் கிழிந்த குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் என்று நடிக்கச் சொன்னால் சத்தம் வராமல் வேறென்ன வரும்? வாயைத் திறக்காமல் யாராவது ஒரு மொழியைப் பேசக் கற்றிருக்கிறார்களா? ஆனாலும் சத்தத்தைத் திறந்துவிடத் தெரிந்தவளுக்கு மூடவும் தெரிய வேண்டும், நியாயம்தான், அதற்குத்தான் இந்தக் கை. பாருங்கள் மேடம், நடுவரிசையும் அடங்கியாயிற்று... தோள் வலிக்கிறது, வலிக்கட்டும்.

கடைசி பெஞ்சில்தான் இன்னும் பேச்சு. ரேடியோவும் பூட்டும், வகுப்பு வைத்த பெயர்கள். ரேடியோ வாயை மூடி நான் பார்த்ததில்லை. பூட்டு நேர் எதிர், நான் சொல்லிக்கொடுக்கும் மொழியில் எழுது என்றால் பக்கம் பக்கமாக எழுதுவாள், எழுந்து பேசு என்றால் கண்ணில் தண்ணீர் முட்டும், வருடம் முழுக்க ஒரு வார்த்தை வந்ததில்லை. அடி ரேடியோ, மானத்தை வாங்காதே, கையைப் பாரடி, இங்கே பார்... இல்லை. ரேடியோ பேசவில்லை. ரேடியோ வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேசுவது பூட்டு!

"நேற்று நான் குடை வாங்குகிறேன்" என்கிறாள், என் பாட மொழியில், சத்தமாக! "இன்று மழை உள்ளே வருகிறது. நீ சிரிக்கிறாய். ஏன் சிரிக்கிறாய்?" பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள், முதுகு எங்கள் பக்கம், நேற்றும் இன்றும் குழம்பிக் கிடக்கின்றன, கிடக்கட்டும், அதையெல்லாம் இப்போது யார் கேட்டார்கள்? கடைக்காரியாக நடிக்கும் ரேடியோ பெஞ்சில் பின்னுக்கு நகர்கிறாள். எனக்கு ஓடிப்போய் அந்தச் சுவரை நானே ஓங்கித் தட்ட வேண்டும் போலிருக்கிறது, கணக்கு சார், கேளுங்க சார், பூட்டு பேசறா...

ஹெச்.எம். கடைசி பெஞ்சைப் பார்க்கிறார், என் கையைப் பார்க்கிறார், மறுபடி கடைசி பெஞ்சை. முன்வரிசையில் ஒருத்தி திரும்பி "ஏய், கை, கை" என்று கிசுகிசுக்க, கண்ணாலேயே அவளை அடக்குகிறேன். வகுப்பு முழுக்கக் கைகள், நடுவில் அந்த ஒரு குரல்... இறக்கினால் அத்தனை பேரும் கொட்டித் தீர்த்துவிடுவார்கள், பீரியட் போய்விடும். இறக்காவிட்டால் பீரியட் எனக்கே நிற்கும், பூட்டு? இன்றைக்கு மூடினால் அந்த வாய் மறுபடி என்றைக்குத் திறக்கும்? மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்துகிறாள், தலை லேசாகத் திரும்புகிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இந்த வகுப்பில் இவ்வளவு சந்தோஷமாக நான் நின்றதே இல்லை, ஆனால் கடவுளே, அவள் திரும்பும்போது இந்தக் கை மட்டும் அவள் கண்ணில் படக் கூடாது.