நாற்பது வால்வுகள்

ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அந்தப் பெண் பொறியாளருக்குப் பதினோரு வருடம் ஓடியது. எரிவாயு நிலையங்களில் எவ்வளவு வாயு வீணாகக் காற்றில் கலக்கிறது என்று அளப்பது அவள் வேலை. கசிவு எங்கே ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு ‘மூக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

அவளை நாலு பேருக்குத் தெரியவைத்தது ஒரு சின்னக் கட்டுரை. ஓர் எரிவாயு நிலையத்தில் நாற்பது வால்வுகளை அளந்து, ஒரு வால்வு சராசரியாக இவ்வளவு கசியும் என்று ஓர் எண்ணைச் சொன்னாள். அரசு அதை விதிமுறையில் சேர்த்தது. அதன்பிறகு எந்த நிறுவனமும் அளக்கவில்லை. வால்வுகளை எண்ணி, அவள் சொன்ன எண்ணால் பெருக்கி, அறிக்கை கொடுத்தார்கள்.

எழுதி எழுதிச் சலித்துப்போய், ஒரு கசிவையாவது நேரில் அடைக்கலாம் என்று அவள் ஓர் எரிவாயு நிறுவனத்தில் சேர்ந்தாள். ஆராய்ச்சி நிலைய இயக்குநர், “அந்தப் பக்கம் போயிட்டீங்க, சரி” என்றார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

மூன்றாம் வருடம், முன்பு அளந்த அதே நிலையத்துக்கு வேலையாகப் போனாள். தலைமை மெக்கானிக் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

“மேடம், அன்னைக்கு நீங்க வர்றதுக்குள்ள நாங்க பட்ட பாடு இருக்கே. ஒரு வாரம் சரியா வீட்டுக்கே போகல.”

“எதுக்கு?”

“கசியாம இருக்க நாற்பது வால்வுக்கும் புது சீல் மாத்தினோமே. விருந்தாளி வர்றாங்கன்னா வீட்டைப் பெருக்க மாட்டோமா?”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலியே.”

கேட்கத்தான் இல்லை. வால்வின் வயது, அளவு, அழுத்தம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டவள், கடைசியாக எப்போது பழுதுபார்த்தீர்கள் என்று கேட்காமல் விட்டிருந்தாள். அன்றே கருவியை எடுத்து அதே நாற்பதையும் அளந்தாள். கசிவு முன்பு அளந்ததைப்போல் ஐந்து மடங்கு இருந்தது.

வீட்டில் அவள் சாப்பாட்டைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். “அவங்க மறைச்சதுக்கு நீ என்ன பண்ணுவ?” என்றார் கணவர்.

“நான் கேட்டிருக்கணும்.”

மறுநாள் மேலாளர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “உங்க நம்பரைத்தான் நாங்க போடுறோம். அது தப்புன்னு நீங்களே சொன்னா எப்படி? கம்பெனி அளவு எதுவும் வெளியே போகக் கூடாது.”

“போகாது சார். நான் அன்னைக்கு அளந்தது புதுசா சீல் போட்ட வால்வுன்னு மட்டும் எழுதப் போறேன். அது என் கட்டுரை.”

கட்டுரையில் ஆராய்ச்சி நிலைய இயக்குநரின் பெயரும் இருந்ததால் திருத்தத்துக்கு அவர் கையெழுத்தும் தேவைப்பட்டது. அவரை அழைத்தாள். அவர் நடந்ததை முழுக்கக் கேட்டார்.

“முப்பது வருஷத்துல நான் எதையும் திருத்தினதில்ல” என்றார்.

“தெரியும் சார்.”

ஒன்பதாம் நாள் கையெழுத்து வந்தது. அதோடு ஒரு வரிகூட இல்லை.

திருத்தம் வெளிவந்ததும் அவளைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. ஜன்னல் இல்லாத அறையில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தலைக்கவசம் அணிவது பற்றி எட்டு மாதம் பாடம் எடுத்தாள். அந்த மாதங்களில் தான் செய்தது சரிதானா என்று அவளுக்கே பல நாள் சந்தேகம் வந்தது.

பிறகு அரசு அந்த எண்ணை விதிமுறையிலிருந்து நீக்கி, ஒவ்வொரு நிறுவனமும் சொந்தமாக அளக்க வேண்டும் என்றது. நிறுவனத்தில் அளக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மேலாளரே அவள் அறைக்கு வந்தார்.

“எத்தனை பேர் வேணும்?”

“ஆறு பேர். எந்த நிலையத்துக்கு எப்போ போறோம்னு உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரி” என்றார்.

இரண்டு வருடத்தில் எல்லா நிலையங்களையும் அளந்து, கசிந்த இடங்களை அடைத்து முடித்தார்கள். கசிவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த அறிக்கையை அவள் இயக்குநருக்கும் அனுப்பினாள். அவர் பதில் போடவில்லை. அடுத்த ஆண்டு முதல் அவருடைய மாணவர்கள் கருவிகளோடு வந்து அவள் குழுவுடன் அளக்கத் தொடங்கினார்கள்.