நெஞ்சளவு மரம்

அன்று காலை அரிசி களையப் பின்பக்கம் போனவள், அரிசியை மறந்து நின்றுவிட்டேன். என் பட்டர் புரூட் மரம் பூத்திருந்தது. நேற்றுவரை தளிர் என்று நான் நினைத்ததெல்லாம் இளம்பச்சையில் பொடிப்பொடியாக விரிந்திருந்தது. கிளைக்குக் கிளை தேனீ. பக்கத்து வீட்டுக் குப்பாயியை வேலிக்கு மேலாக நாலு தடவை கூப்பிட்டுவிட்டேன்.

அது எண்பத்தாறாம் வருடம், மாசி மாதம். அதற்கு ஏழு வருடம் முன்னால் எஸ்டேட் பங்களாவில் சமையலுக்கு இருந்தேன். பங்களா அம்மா அந்தப் பழத்தைப் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்து எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அன்றைக்கே கொட்டையை முந்தானையில் முடிந்து எங்கள் ஊர் வாழவந்திக்குக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டேன். சொந்த மரத்தில் பறித்து ஒரு பழம் தின்ன வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மரம் வளரத்தான் பார்த்தது. விட்டால்தானே. என் வீட்டுக்காரர் தேவசிகாமணி எஸ்டேட்டில் கிளை கழிக்கும் கவாத்து மேஸ்திரி. காப்பிச் செடியை நெஞ்சளவுக்கு மேலே போக விடமாட்டார். மழை முடிந்ததும் ஒருமுறை, காப்பி எடுப்பு முடிந்ததும் ஒருமுறை கத்தியோடு இறங்கிவிடுவார். அந்தச் சட்டத்தை எஸ்டேட்டோடு வைத்துக்கொண்டால் என்ன? வீட்டிலும் அதேதான். மரம் தலை தூக்கினால் வெட்டு, பக்கத்தில் சிம்பு விட்டால் வெட்டு. "பூக்கவே மாட்டேங்குதுங்களே" என்று நான் புலம்பினால், "கவாத்து பத்தலை" என்பார்.

பூப்பதற்கு முந்தின ஐப்பசியில் பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். மனுஷன் மூன்று மாதம் கட்டிலோடு கிடந்தார், கத்தி பரணில் கிடந்தது. கட்டுப் பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நான் குப்பாயிக்குப் பூவைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு கையில் தடியும் ஒரு கையில் கவாத்துக் கத்தியுமாகப் பின்வாசலில் இறங்கினார்.

"ஏனுங்க, எங்க போறீங்க?"

"நொம்ப அடர்ந்து போச்சு தெரசு. இப்ப விட்டா கெட்டுரும்."

ஓடிப்போய் மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன். "இதுல கத்தி வெச்சீங்கன்னா இன்னைக்கு இந்த ஊட்டுல அடுப்பு எரியாதுங்க."

"என்னடி ஆச்சு உனக்கு?"

"நல்லாப் பாருங்க, பூத்திருக்குது. ஏழு வருசமா நீங்கதான் பூக்க உடலை. இந்த வருசம் கத்தி படலை, பூத்திருச்சு."

குப்பாயி வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருட மேஸ்திரி. அவர் கவாத்தில் துரைமார்கூடக் குறை சொன்னதில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கும் சங்கடமாகிவிட்டது.

அவர் மரத்துக்குக் கிட்டே வந்தார். ஒரு கிளையை வளைத்து அடியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு இன்னொரு கிளை. உள்ளே ஒரு பூவும் இல்லை, இருந்ததெல்லாம் நுனியில். நொண்டிக்கொண்டே மரத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"காப்பிக்குக் கணுவுல பூ," என்றார். குரலில் அப்படியொரு பரபரப்பு. "இதுக்கு நுனியில. பாரு தெரசு, எல்லாமே நுனியில."

"அதைத்தானுங்க சொல்றேன்."

நுனிப் பூ ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப ஏழு வருசப் பழத்தை நானே தின்னுட்டேன்."

அவரைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்தது கொஞ்சநஞ்சமல்ல. அத்தனையும் மறந்து சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். அவர் கத்தியைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியை என் பக்கம் நீட்டினார்.

"இதை எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சுரு. எங்கேன்னு நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. மழை முடிஞ்சா எனக்குக் கை சும்மா இருக்காது."