சீடர் மர மணம்

புருஷன் கிறகரி பாம்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றிலிருந்து இரண்டு நாள் அஞ்சலீனா அவனோடு கதைக்கவில்லை. அவனோடு உணவகத்தில் கோப்பை கழுவிய பற்றிக், வன்கூவருக்குக் குடிபோகும்போது கண்ணாடித் தொட்டியோடு கொடுத்துவிட்டுப் போன செம்மஞ்சள் பாம்பு அது. விஷமில்லாததுதான். ஆனால் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் பகல் முழுக்க இருப்பவள் அவள். அதைப் பார்க்கும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

தொட்டியின் அடியில் கிறகரி சீடர் எனும் தேவதாரு மரச்சீவலைப் பரப்பினான். வீடே மணத்தது. பாம்பு மட்டும் அதில் படுக்காமல் எந்நேரமும் மூடியில் மூக்கை உரசிக்கொண்டு நின்றது. இரண்டாம் கிழமை அதன் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. சட்டை கழற்றியபோது வால் நுனியில் பழைய தோல் மோதிரம்போல இறுகிக் கிடந்தது.

"இந்தச் சீவல்தான் ஒத்துக்கொள்ளேல்லை. தொட்டியைத் திறந்தால் எனக்கே தும்மல் வருது," என்றாள் அஞ்சலீனா.

"கடைக்காரன் பாம்புக்கெண்டுதானே தந்தவன். உமக்கென்ன தெரியும்?"

மூன்று மிருக வைத்தியர்களுக்கு அவளே போன் எடுத்தாள். நாய், பூனை மட்டும்தானாம். நாலாவது, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பெண் டொக்டர், கொண்டுவரச் சொன்னா. மாசி மாதக் குளிர். பாம்பைத் தலையணை உறையில் கட்டி, கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்தபடி அஞ்சலீனா மெட்ரோவில் போனாள். பக்கத்தில் கிறகரி.

டொக்டர் உறையை அவிழ்த்ததும் மணந்து பார்த்தா. "சீடரா? இண்டைக்கே எறியுங்கோ. அந்த எண்ணெய் மூச்சுக்குக் கூடாது. மணக்கிற மரம் ஒண்டும் வேண்டாம். பேப்பர் விரித்தால் போதும். சூடு குறையாமல் பாருங்கோ. வாலை இளஞ்சூட்டுத் தண்ணியில ஊறவிட்டு, ஈரத் துவாய்க்குள்ள ஊர விடுங்கோ. தோலை இழுக்கவேண்டாம். வாயில நுரை வந்தால் உடன வாங்கோ."

வெளியே வந்ததும் கிறகரி சொன்னான்: "பாத்தீரே, சீவல்தானாம்."

"மூண்டு கிழமையா நான் என்ன சொன்னனான்?"

"நீர் டொக்டரே?"

அவள் பாம்பை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தாள்.

சீவலை அள்ளியதும், தொட்டியைக் கழுவியதும், பேப்பர் விரித்ததும் அவள்தான். பழைய தோல் துவாயோடு கழன்று வந்தது. ஒரு கிழமையில் சத்தமும் நின்றது. வீட்டுக்கு வந்தவர்களிடம் தானே கண்டுபிடித்ததுபோல் கிறகரி விளக்கினான்.

பங்குனியில் இன்னொரு சீவல் மூட்டையோடு வந்தான். "இது வேற மரம், பைன். நல்ல மணம்."

அவன் சப்பாத்தைக் கழற்றி முடிக்குமுன் அஞ்சலீனா மூட்டையைத் தூக்கிக்கொண்டு, குப்பையில் போட மூன்று மாடியும் இறங்கினாள்.